இரண்டு நாள் தூரம்

பலகையில் சிங்கப்பூர் விமானத்துக்கு நேரே 'தரையிறங்கிவிட்டது' என்று எழுத்து மாறியதும் மதிவாணன் செய்த முதல் காரியம், வாசல் பக்கம் போகாமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனதுதான். தாகம் ஒன்றுமில்லை. குனிந்து வாயை வைத்தான், சட்டைக் காலரை நனைத்துக்கொண்டான், நிமிர்ந்தான். அம்மா இப்போது இந்தக் கட்டிடத்துக்குள் இருக்கிறாள். பெர்த் நகரத்து மண்ணில், கண்ணாடிக்கும் கதவுக்கும் அந்தப் பக்கம், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து யாரோ தள்ள வந்துகொண்டிருக்கிறாள். பாஸ்போர்ட் பார்ப்பார்கள், பெட்டியைத் திறப்பார்கள், வடகத்தையும் கருவேப்பிலையையும் எடுத்துத் தொட்டியில் போடுவார்கள், அதற்கெல்லாம் அரைமணி நேரமாவது ஆகும். அந்த அரைமணிதான் அவனுக்கு மிச்சம். பெற்ற தாயை வரவேற்க வந்தவன் இன்னும் கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறான் பாருங்கள். நல்ல பிள்ளை. அறுபத்தெட்டு வயசில், வேளாங்கண்ணிக்கு அப்பால் போகாத தனபாக்கியம், நேற்று ராத்திரி திருச்சியில் ஏறி இன்று பிற்பகல் இங்கே இறங்கிவிட்டாள். இனி அவளிடம் தூரத்தைப் பற்றி எந்தக் கதையும் விட முடியாது. உட்கார்ந்து வந்த இடுப்புக்குத் தெரிந்திருக்கும் இது எத்தனை தூரம் என்று.

ரெண்டு நாள். அவர்கள் வீட்டில் பெர்த் என்றால் ரெண்டு நாள். அது ஆரம்பத்தில் பொய்யே இல்லை, அதைத்தான் அவன் தனக்குத் தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொள்வான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை கிளம்பியபோது இருந்ததிலேயே மலிவான டிக்கெட். லால்குடியிலிருந்து சென்னைக்கு ரயில், அங்கே ஒரு பகல் காத்திருப்பு, கோலாலம்பூரில் ஒரு ராத்திரி நாற்காலியில் தூக்கம், எல்லாம் சேர்ந்து நிஜமாகவே ரெண்டு நாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணி அலுப்பில் சொன்னான், ரெண்டு நாளாச்சுப்பா. அப்பா கோதண்டபாணிக்கு அந்த வார்த்தை அப்படியே இனித்துவிட்டது. சிமென்ட் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், டீக்கடையில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் சிங்கப்பூர், துபாய் என்று நாலு மணி நேரத் தூரத்தில் இருப்பதைக் கேட்டுக் கேட்டு நொந்தவர். "அதெல்லாம் ஒரு தூரமாய்யா? என் மவன் ரெண்டு நாளு ஆகாசத்துலயே போவணும்" என்று அவர் சொல்வதை மதியே ஒரு விடுமுறையில் பின்னால் நின்று கேட்டிருக்கிறான். டீக்கடையே வாயைப் பிளந்தது. அப்போதே திருச்சி வழியாக வர வழி வந்துவிட்டிருந்தது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நாலு மணிக்குக் கொஞ்சம் மேல், அங்கிருந்து பெர்த் ஐந்து மணிக்குக் கொஞ்சம் மேல், மொத்தம் ஏழாயிரம் கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை. லால்குடியிலிருந்து பஸ் மாறி மாறித் திருப்பதி போய்ச் சேருகிற நேரம்தான். சொல்லியிருக்கலாம். அப்பா, அது அந்தக் காலம், இப்ப ராத்திரி ஏறினா மறுநாள் வந்துடலாம் என்று ஒரு வரி. அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து விட்டுவிட்டான். பெருமைக்காக விட்டான் என்பது பாதி. மீதிப் பாதி, ரெண்டு நாள் என்பது எத்தனை வசதியான சொல் என்று அவனுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. பொங்கலுக்கு ஏம்ப்பா வரலை? போக வர நாலு நாள் போயிடுதேம்மா. பூங்கொடி வளைகாப்புக்கு? லீவே ஒரு வாரம்தான், அதில் நாலு நாள் வழியிலேயே போயிடுமே. தங்கச்சி பூங்கொடி ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. பாவம் அண்ணன், என்ன பண்ணும், அவ்ளோ தூரம் என்பாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் கூசும். கொஞ்சம்தான்.

"ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர் தம்பி?" பக்கத்தில் ஒரு பெரியவர், கையில் பூங்கொத்து, யாழ்ப்பாணத்துப் பேச்சு. அவன் தமிழன் என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ. அம்மா வர்றாங்க, திருச்சியிலிருந்து என்றான். "ஓ, இந்தியாவோ. நான் மகளைப் பாத்துக்கொண்டு நிக்கிறன், சிங்கப்பூரில வேலை. திருச்சியில இருந்து வாறதெண்டா எவ்வளவு நேரம் எடுக்கும்?" சாதாரணக் கேள்வி. பஸ் எப்ப வரும் என்பதுபோல. ரெண்டு நாள் என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது, கூப்பிடாமலே வந்து நிற்கும் நாய்க்குட்டி மாதிரி. இவரிடம் எதற்குப் பொய்? இவர் யார்? "பறக்கிற நேரம் ஒன்பதரை மணி நேரம் ஐயா. நடுவுல சிங்கப்பூர்ல காத்திருக்கிறதையும் சேத்தா அரை நாள்" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, இந்தப் பதினைந்து வருஷத்தில் ஒரு மனுஷரிடம் வாய் விட்டு இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. காது சூடாகிவிட்டது. பெரியவர் தலையை ஆட்டினார். "அப்ப கிட்டடிதானே தம்பி. ஏதுமெண்டா டக்கெண்டு போய் நிக்கலாம்" என்றார். பெரியவர் அதை நல்ல மனசோடுதான் சொன்னார்.

டக்கென்று போய் நிற்கலாம். ஆமாம். போய் நின்றிருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணி இருக்கும், அவன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான், ஒரு காலில் போட்டாயிற்று, மறுகால் வெறுங்கால். பூங்கொடி போன். அண்ணே, அப்பா போயிட்டாருண்ணே. விடியக்காலை எழுந்து பல் விளக்கப் போனவர் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அழுகைக்கு நடுவே அவள் கேட்டாள், எப்பண்ணே வருவ? வாய் சொன்னது: ரெண்டு நாளாகுமேம்மா. வாய்தான் சொன்னது. அவன் யோசித்துச் சொல்லவில்லை, எந்தச் சாமி முன்னாலும் சூடம் ஏற்றி அணைப்பான், யோசித்துச் சொல்லவில்லை. நல்லா இருக்கியா என்றால் நல்லா இருக்கேன் என்று வருவதுபோல வந்துவிட்டது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஏதோ பேச்சு, பிறகு சித்தப்பா போனை வாங்கிக்கொண்டார். "தம்பி, ரெண்டு நாளுன்னா சனிக்கிழமை ஆயிடும். சனிக்கிழமை எடுக்கிறது நல்லதில்லப்பா, ஒனக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் போட்டு வெக்கவும் முடியாது. இன்னிக்குச் சாயந்திரமே முடிச்சுடுறோம். என் மவன் குணசீலன் கொள்ளி வெக்கட்டும். நீ மனசத் தளரவிடாம வந்து சேரு." சரி சித்தப்பா என்றான். சரி சித்தப்பா! அன்று மத்தியானம் ஒரு விமானம் இருந்தது. அதில் ஏறினால் அன்று ராத்திரியே திருச்சி. வெள்ளிக்கிழமை காலையில் அவன் கையாலேயே எல்லாம் நடந்திருக்கும். ஒரு ராத்திரி வைத்திருங்கள், விடியறதுக்குள்ள வந்துடுறேன் என்று திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது, அவ்வளவுதான். போன் கையிலேயே இருந்தது. கூப்பிட்டால், அதெப்படிப்பா ஒரே நாளில் என்பார்கள். அந்த 'அதெப்படி'க்குப் பதில் சொன்னால் பொங்கல் வரும், வளைகாப்பு வரும், வராத ஒவ்வொரு விசேஷமும் வரிசையாக வந்து எதிரே நிற்கும். கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலில் ஷூவோடு போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது இன்னொன்றும் நடந்தது. நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. சட்டி உடைக்க வேண்டாம். அப்பா முகத்தின் மேல் வறட்டியை அடுக்குவதைப் பார்க்க வேண்டாம். அந்த நிம்மதி வந்தது உண்மை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சொன்ன வார்த்தைக்குத் தகுந்தபடி நடந்துகொள்ள வேண்டுமே. மத்தியான விமானத்திலேயே ஏறினான், ஆனால் சிங்கப்பூர் வரைக்கும்தான் டிக்கெட். மனைவி சுகந்தியிடம் அங்கிருந்து திருச்சிக்கு இடமில்லை, காத்திருந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான், அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், அப்பா செத்தவன் பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்? சிங்கப்பூரில் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் ஒரு விடுதி அறை, ஜன்னல்கூடக் கிடையாது. அங்கே இருக்க முடியாமல் கீழே இறங்கி ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தான். ஊரில் எடுக்கிற நேரம் அது. பூங்கொடி அழுதுகொண்டே போனில் சொல்லியிருந்தாள், அஞ்சு மணிக்குண்ணே, நீ அந்த நேரம் எங்க இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுக்க என்று. அவன் கையில் அப்போது நெய் ரோஸ்ட். பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பசி. சாம்பார் நன்றாக இருந்தது, முருங்கைக்காய் போட்ட சாம்பார், இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினான். பாதியில் மணி பார்த்தான். அப்போதும் கையைக் கழுவிவிட்டு வந்து கும்பிடவில்லை, முடித்துவிட்டுத்தான் எழுந்தான். அன்று ராத்திரியும் மறுநாள் முழுக்கவும் அந்த ஊரில் கிடந்தான். சனிக்கிழமை காலையில் லால்குடியில் போய் இறங்கியபோது கலைந்த தலையும் கசங்கிய சட்டையுமாக அவனைப் பார்த்து வாசலில் இருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்தி அவனுக்காக அழுதார்கள். சாம்பல் அள்ளிப் பால் தெளிக்கிற காடாத்தும் முடிந்திருந்தது. குணசீலன் மொட்டைத் தலையோடு வந்து கட்டிக்கொண்டான். புதிசாய்ச் சிரைத்த தலை, காதுக்கு மேலே கத்தி கீறிய இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. "நான் சும்மா ஒன் இடத்துல நின்னேண்ணே, அவ்ளோதான்" என்றான். அவன் தோளில் முகம் வைத்து அழுதபோது மதிக்குத் தன் தலைமுடி கண்ணில் வந்து விழுந்தது. அம்மா எழுந்து வந்தாள். கழுத்தும் நெற்றியும் வெறுமையாக. அழவில்லை. ரெண்டு நாளா பறந்து வந்திருக்கான், என்னத்தத் தின்னானோ என்று சொல்லித் தட்டில் சோறு போட்டுப் பிசைந்து தன் கையாலேயே ஊட்டினாள். வாங்கிக்கொண்டான். வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டான்.

அதோடு முடிந்தது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்றுதான் இருந்தான். அம்மாவுக்குத்தான் திடீரென்று ஆசை வந்தது. ஒரு தடவ ஒன் ஊரப் பாத்துட்டு வந்துடுறேன்டா, அப்பா பாக்காமலே போயிட்டாரு. உன்னால ரெண்டு நாள் உக்காந்து வர முடியாதும்மா, கால் வீங்கிப் போயிடும் என்று போன வருஷம் தள்ளினான். கால் வீங்கினா வீங்கட்டும்டா என்றாள் அவள். சுகந்திக்கு என்ன தெரியும்? அத்தை கேட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது, நீங்களா செய்யமாட்டீங்க என்று சொல்லிச் சக்கர நாற்காலி உதவியோடு அவளே டிக்கெட் போட்டு பூங்கொடிக்கு அனுப்பிவிட்டாள். அன்றைக்குப் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நினைத்தபடியே பூங்கொடி கூப்பிட்டாள். "அண்ணே, டிக்கெட்டுல மறுநாளே வந்துடுற மாதிரி போட்டிருக்கே?" அது அந்த ஊர் நேரம்மா, ஊருக்கு ஊர் மாறும், நடுவுல எறக்கியும் வெப்பாங்க, நீ அதப் பாத்துக் கொழப்பிக்காத என்றான். "அதான் பாத்தேன்" என்றாள் அவள். சந்தேகப்பட்டதற்கே வெட்கப்படுகிற குரலில் சொன்னாள். இன்று காலையிலிருந்து போனில் வரைபடத்தின் மேல் நகரும் அந்தக் குட்டி விமானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஜாவாவைத் தாண்டியது, கடலுக்கு மேல் வந்தது, கரையைத் தொட்டது. காற்று எதிர்க்காற்றாக இருக்கக்கூடாதா, இன்னும் மெதுவாக வரக்கூடாதா? அது பாட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே அவள் என்ன செய்துகொண்டிருந்திருப்பாள்? தூங்கியிருப்பாள், வயசானவள், மாத்திரை போட்டுக்கொண்டிருப்பாள், நேரம் தெரிந்திருக்காது. இல்லை, தனபாக்கியமா தூங்குவாள்? ரேஷன் கடை வரிசையில் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி வைத்துக்கொள்கிறவள்.

சொல்லிவிடலாம். காரில் ஏற்றியதும் சொல்லிவிடலாம். அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். கோபப்படாத. வேண்டாம், கோபப்படு. அடிக்கக்கூட அடி. அன்னிக்கு என்னால வந்திருக்க முடியும். இதில் எந்த வாக்கியம் முதலில்? காரில் வேண்டாம், ஓட்டும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது. முகத்தைப் பார்க்காமல் சொல்வதுதான் சுலபம் என்பதால்தான் கார் என்று தோன்றியதோ? அப்பப்பா, இவனுக்குத் தன்னிடமே எத்தனை சாமர்த்தியம். வீட்டுக்குப் போய் ரசம் சோறு சாப்பிட்ட பிறகு, சுகந்தி வேலையிலிருந்து வருவதற்குள். இல்லை, முதல் நாளே எதற்கு, நாலு நாள் சந்தோஷமாக இருக்கட்டும். மூணு மாசம் இருக்கப்போகிறாள், கிளம்புகிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தான் தள்ளுவான். அவனுக்கே தெரியும். ஆனால் சொல்லிவிட்டால் ஒரு அழுகை அழுவாள், ஒரு வாரம் பேசமாட்டாள், அப்புறம் தாய்தானே, சரி விடு என்பாள். அந்த 'சரி விடு' காதில் விழ வேண்டும். அதற்காகத்தான் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது, அவளுக்கு உண்மை தெரியவேண்டும் என்பதற்காக இல்லை. இப்படியும் ஒரு மனுஷனா? கதவு திறந்தது. பெரியவரின் மகள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். பூங்கொத்து நசுங்கியது. கதவு மூடியது, மறுபடி திறந்தது, தள்ளுவண்டி நிறையப் பெட்டிகளோடு ஒரு குடும்பம், மறுபடி மூடியது. மறுபடி திறந்தபோது நீலச் சீருடைப் பெண் ஒருத்தி தள்ளிவர, மடியில் கைப்பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி அம்மா வந்தாள்.

கசங்காத அம்மா. வாரிய தலை வாரியபடி. பழுப்புச் சேலையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. அதைப் பார்த்ததும் அவன் நின்ற இடத்திலேயே நின்றான், அவள்தான் கையை நீட்டினாள். சீருடைப் பெண் சிரித்து, நாற்காலியை அவனிடம் விட்டுவிட்டுப் போனாள். அவன் மண்டியிட்ட மாதிரி குனிந்து உட்கார்ந்தான்.

"கால் வீங்கியிருக்காம்மா?"

"வீங்கல. பாரேன்." காலைக் கொஞ்சம் நீட்டிக் காட்டினாள். பிறகு அவன் கன்னத்தைத் தடவினாள். "பூங்கொடி வீட்ல ரெண்டு இட்லி தின்னுட்டு ஏறுனேன்டா. நடுவுல அவங்க குடுத்தது ஒண்ணும் புடிக்கல, தொடல. பக்கத்து சீட்டுத் தமிழ்க்கார அம்மா எறங்கணும்னு சொன்னாங்க. எங்கன்னு கேட்டேன். பெர்த்துன்னாங்க. இல்லம்மா, பெர்த்து ரெண்டு நாளாகும்னேன். சிரிச்சுட்டாங்க."

அவன் குனிந்து அவள் செருப்பின் வாரைச் சரிசெய்தான்.

"இவ்ளோதானாடா மதி?"

தலையை நிமிர்த்தினான். அவள் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தேடினான். பட்டாணிக்காரனிடம் சில்லறை வாங்கிப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சரியாகத்தான் இருக்கிறதா என்று. "அம்மா, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தான். அதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். பூங்கொடி. அடிக்கட்டும் என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். இதோ, இவளுக்கும் சேர்த்து ஒரேயடியாகச் சொல்லிவிட்டால்? இப்போது விட்டால் இனி எப்போது? பச்சைப் பொத்தானை அழுத்தினான். "அண்ணே, அம்மா எங்க இருக்கு, ஏதாச்சும் தெரிஞ்சுதா? சிங்கப்பூர்ல எறக்கி வச்சிருக்காங்களா?" என்றாள் பூங்கொடி. அவள் பக்கத்தில் குக்கர் விசில் கேட்டது. அவன் போனைக் காதிலிருந்து இறக்கினான். "குடு" என்று அம்மா கை நீட்டினாள்.

"நாந்தாண்டி. ஆமா, சிங்கப்பூருதான். இங்க யாரோ ஒரு புள்ள தன் போன்ல அண்ணனக் கூப்புட்டுக் குடுத்துச்சு, அண்ணன் ஒன்னையும் சேத்து விட்டிருக்கு. இன்னும் போவணுமாம்டி, நாளைக்குத்தான் போய்ச் சேருமாம். ஆமா, ரொம்பத் தூரம். ஒங்க அண்ணன் சொன்னது சரிதான். இடுப்பே ஒடிஞ்சு போச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன், நீ அழுவாத. வச்சுடுறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். கூடத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று ஒரு கணம், வெட்கமில்லாமல், நெஞ்சு குளிர்ந்தது. "ஏம்மா" என்றான், "எனக்காக எதுக்கும்மா."

"ஒனக்காக இல்லடா." அவள் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு ஒன் சித்தப்பா ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கலாம்னுதான் சொன்னாரு. ஐஸ் பொட்டியில போட்டா தாங்கும்னாரு. பூங்கொடிதான் வேணாம்னா. அண்ணன் ரெண்டு நாள் பதறிப் பதறி வரும், அதுவரைக்கும் அப்பாவ இப்படிப் போட்டு வெக்க வேணாம், சாயந்திரமே எடுத்துடுங்கன்னு மொத வார்த்த சொன்னது அவ. அண்ணன் மொகத்தப் பாக்க முடியாம பண்ணிட்டேனே, அவசரப்பட்டுட்டேனேன்னு இந்த ரெண்டு வருஷமா எங்கிட்டச் சொல்லிச் சொல்லி அழுவுறா. ஒரே ஒரு ராத்திரின்னு தெரிஞ்சா அவ செத்துப்போயிடுவாடா."

அவன் வாயைத் திறந்தான்.

"எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத. எனக்கு வேணாம்" என்றாள். கைப்பையை மறுபடி மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். "நாளைக்கு ராத்திரி நீயே அவளுக்குப் போன் பண்ணு. அம்மா இப்பதான் வந்து எறங்குச்சு, களைச்சுப்போயி தூங்குதுன்னு சொல்லு. எங்க, இப்ப ஒரு தடவ சொல்லிக்காட்டு, கேப்போம்."